‘சேஃப்டி போட்டிருக்கு’ன்னா போதுமா?

ஆயக்குடியிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். மலையடிவாரத்துல கொய்யாத் தோப்பு. ராத்திரியானா காட்டுப்பன்றி இறங்குது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பழைய நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு வெச்சிருக்காராம். “சேஃப்டி போட்டிருக்கு, பயப்படாதே”ன்னு சொல்றாராம். “நம்பலாமா அண்ணா?” இதுதான் கேள்வி.

துப்பாக்கிக்குள்ள நடக்கிறது இதுதான். ட்ரிகரை இழுத்தா, சுத்தியலைப் பிடிச்சிருக்கிற சின்னக் கொக்கி விலகும். ஸ்பிரிங் வேகத்துல சுத்தியல் போய் அடிக்கும், மருந்து பத்திக்கும், குண்டு கிளம்பும். பல ரைஃபிள்கள்ல சேஃப்டி செய்யிற வேலை, ட்ரிகரை நகரவிடாம பிடிக்கிறது மட்டும்தான். உள்ளே அந்தக் கொக்கி தேய்ஞ்சிருந்தா, கீழே விழுற அதிர்ச்சியிலேயே அது விலகலாம். ட்ரிகரை யாருமே தொடாம வெடிக்கிறது அப்படித்தான்.

நாட்டுத் துப்பாக்கி கதை இன்னும் மோசம். அதுல பெரும்பாலும் தனி சேஃப்டியே கிடையாது. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்துற ஒரு வெட்டு இருக்கும், அதைத்தான் ‘சேஃப்டி’ன்னு சொல்றாங்க. அந்த வெட்டு மழுங்கிப்போனா, வேலியில ஒரு கொப்பு தட்டினாலே போதும்.

சில சமயம் ட்ரிகரை இழுத்தும் வெடிக்காது. மருந்து நமுத்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அழுக்கு அடைச்சிருக்கலாம். அப்போ “என்னாச்சு”ன்னு குழல்ல எட்டிப் பார்க்கக் கூடாது. மருந்து தாமதமா பத்திக்கிறதும் உண்டு. குழலை ஆளில்லாத பக்கம் காட்டியபடி குறைஞ்சது 30 விநாடி காத்திருக்கணும்னு பயிற்சியில சொல்லித்தருவாங்க.

தொழிற்சாலைத் துப்பாக்கியும் விதிவிலக்கு இல்லை. நம்ம திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் தயாரான இன்சாஸ் ரைஃபிள்ல, 1999 கார்கில் குளிர்ல பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதா புகார் வந்தது.

ஆனா எந்தப் பூட்டாலும் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கு. 2021 டிசம்பர் 30, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. துப்பாக்கிச் சுடும் தளத்துல பயிற்சி நடந்துகிட்டிருந்தது. தளத்தைத் தாண்டி வந்த ஒரு குண்டு, தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில பாய்ஞ்சது. 2022 ஜனவரி 3-ம் தேதி அந்தக் குழந்தை இறந்துபோச்சு. குண்டு கிளம்பின பிறகு சேஃப்டிக்கு வேலையே இல்லை. குழல் எந்தப் பக்கம் பார்க்குது, அதுக்குப் பின்னால யார் இருக்காங்க, இந்த ரெண்டையும் மனுஷன்தான் பார்க்கணும். இருட்டுல, பன்றின்னு நினைச்சு சுடுறவருக்கு இந்த ரெண்டுமே தெரியாது.

அதனால தம்பி, நம்பாதீங்க. உரிமம் இல்லாத துப்பாக்கின்னா, 1959 ஆயுதச் சட்டப்படி வெச்சிருக்கிறதே குற்றம். பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் மனு கொடுங்க. அந்தத் துப்பாக்கியை நீங்க கையில எடுக்காதீங்க. போலீஸ்ல ஒப்படைக்கச் சொல்லி அவர்கிட்ட பக்குவமா பேசுங்க. ராத்திரி தோப்புல நடக்கிறது பன்றி மட்டும் இல்ல, நீங்களும்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.