ஒரு காலாள் மிகுந்தால் போதுமா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. அங்கே சதுரங்கம் ஆட அமரும் தமிழ்ச் சிறுவனுக்கு முதலில் ஒரு சொற்குழப்பம் நேரலாம். பலகையின் மூலையில் நிற்கும் காயை நம்மவர் யானை என்றும் கோட்டை என்றும் கூறுவர். மலையாளத்தில் அது தேர். அவர்கள் ‘ஆன’ என்பதோ பிஷப்பை. பெயர்க் குழப்பம் நொடியில் தீரும். ஆனால் அக்கோட்டையை எப்பொழுது வெட்டுக்கு வெட்டாக மாற்றிக்கொள்வது என்பதில் பிழை நேர்ந்தால், ஆட்டமே கைவிட்டுப் போகும்.

இரு பக்கத்தும் அரசனும் கோட்டையும், ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு காலாளும் எஞ்சி நிற்பதாகக் கொள்வோம். காலாள் உடையவர் வென்றுவிட்டதாக எண்ணுதல் தவறு. காக்கும் வழியைப் பிரெஞ்சு நாட்டு பிலிடோர் 1777ஆம் ஆண்டிலேயே விளக்கினார். காப்பவர் தம் அரசனைக் காலாள் ராணியாக மாறும் கட்டத்தில் நிறுத்த வேண்டும். தம் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் கோட்டையைக் காவல் வைக்க வேண்டும். பகையரசன் அவ்வரிசையில் கால் வைக்க இயலாது. காலாள் அங்கு வந்து சேர்ந்தவுடன், கோட்டையை எதிரியின் கடைசி வரிசைக்கு அனுப்பிப் பின்னிருந்து இடைவிடாது ‘செக்’ கொடுக்கலாம். காலாள் முன்னேறிவிட்டமையால் அவ்வரசனுக்கு ஒதுங்க நிழல் இராது. ஆட்டம் சமனாகும்.

வெல்ல விரும்புவோர்க்கும் வழியுண்டு. காலாள் ஏழாம் வரிசையிலும், அதன் முன் தம் அரசனும் நிற்க, எதிர் அரசன் ஒரு நெடுவரிசைக்கு அப்பால் தடுக்கப்பட்டிருந்தால், கோட்டையை நான்காம் வரிசைக்குக் கொணர்க. வெளிவரும் அரசனைச் செக்குகளினின்று காக்க, அது குறுக்கே நின்று பாலமாக உதவும். ஓரத்துக் காலாளுக்கு இம்முறை பொருந்தாது.

2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டம். சென்னைக் குகேஷும் சீனத்து டிங் லிரெனும் சமபுள்ளிகளுடன் அமர்ந்தனர். இறுதியில் இருவரிடமும் கோட்டையும் பிஷப்பும்; குகேஷிடம் ஒரு காலாள் மிகுதி. கோட்டைகள் நிற்கும்வரை டிங்குக்குச் சமன் செய்ய வழியிருந்தது. 55ஆம் நகர்த்தலில் அவர் கோட்டையை மாற்றுக்கு நீட்டினார். குகேஷ் வெட்டினார், மூலையில் சிக்கியிருந்த டிங்கின் பிஷப்பையும் மாற்றிக்கொள்ளச் செய்தார். அரசரும் காலாட்களுமே எஞ்சிய களத்தில் அவ்வொற்றைக் காலாள் வெற்றியாயிற்று. பதினெட்டு வயதில் குகேஷ் உலக வாகையர் ஆனார்.

ஆகவே, குறைந்து நிற்பவர் கோட்டையை இறுகப் பற்றுக. மிகுந்து நிற்பவர் மாற்றும் தருணத்துக்குப் பொறுத்திருக்க.