இலைக்கட்டி: கூச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்

(அறக்கட்டளையின் மகளிர் நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மார்பில் கட்டி தென்பட்டால் நம் பெண்களில் சிலர் புற்றுநோய் என்று நடுங்குகிறார்கள். சிலர் வலியில்லையே என்று மறைத்து விடுகிறார்கள். இவ்விரண்டும் வேண்டாம் என்பதை உணர்த்தும் ஓர் அரிய கட்டி உண்டு. அதன் பெயர் ஃபிலோடீஸ். கிரேக்க மொழியில் 'இலை போன்றது' என்று பொருள். நுண்ணோக்கியில் இலை வடிவம் தெரியும். 1838இல் ஜெர்மானிய அறிஞர் யோஹானஸ் முல்லர் சூட்டிய பெயர் இது. மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே காணப்படுகிறது.

உருண்டையாக, வலியின்றி, தொட்டால் நகர்வதாக இருக்கும். இளம்பெண்களுக்குச் சாதாரணமாக வரும் நார்க்கட்டியைப் போலவே தோன்றும். ஊசியால் எடுத்த திசுவிலும் சில வேளைகளில் வேறுபாடு தெரியாது. ஆனால், சில மாதங்களிலேயே விரைந்து வளரக்கூடும்.

1992 முதல் 2010 வரை சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் கண்டறியப்பட்ட 605 ஃபிலோடீஸ் கட்டிகளைப் பேராசிரியர் டான் புவே ஹூன் குழுவினர் ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். 440 கட்டிகள் தீங்கற்றவை, 111 இடைநிலை, 54 மட்டுமே புற்றுநோய்த் தன்மை உடையவை. 80 பெண்களுக்குக் கட்டி மீண்டும் வந்தது. 12 பேர் உயிரிழந்தனர்.

இந்தக் கணக்கில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. முதன்மைச் சிகிச்சை அறுவைதான். கட்டியோடு சுற்றியுள்ள நல்ல திசுவையும் சிறிது சேர்த்து அகற்றுவார்கள். ஓரத்தில் மிச்சம் இருந்தால் மீண்டும் வளரக்கூடும். மிகப் பெரிதாகி விட்டால் மார்பகம் முழுவதையும் எடுக்க நேரிடலாம். தீய வகை பரவினால் பெரும்பாலும் இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குச் செல்லும். ஆகவே, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களைப் பொதுவாக அகற்றுவதில்லை.

தாய்மார்களே, கட்டி சிறிதாக இருக்கும்போதே பலதுறை மருந்தகம் செல்லுங்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்ட கட்டி பிறகு வளர்ந்தால், மறுபடியும் போய்க் காட்டுங்கள். அறுவைக்குப் பின் மருத்துவர் குறித்துத் தரும் நாள்களைத் தவற விடாதீர்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனியாகப் போக அஞ்சும் பெண்ணுக்குத் துணையும் டாக்சிக் கட்டணமும் கொடுப்பது அன்னதானத்திற்கு இணையான அறம். கணவன்மார்களும் மகன்களும் கூச்சமின்றி உடன் செல்ல வேண்டும்.

அம்பாள் அருளால் அனைவரும் நலமுடன் வாழ வேண்டும்.