சாவி கொடுப்பவன் எல்லாம் சொந்தக்காரன் அல்ல
(வீடு வாங்குவோர்க்காகச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வீடு வாங்குவது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். அரசியல் மேடையில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இந்த நகரத்தில் நாம் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் எங்கே போயிற்று? பாதி ஊருக்குப் போயிற்று. மீதி கோலிக்குப் போயிற்று. ஆகவே இதுவும் அரசியல்தான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் பதிவாகியுள்ள ஒரு தமிழரின் கதையைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி பம்பாய் வந்தவர். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிய ஒரு மறைப்புக்காக அவரிடம் 2,500 ரூபாய் கறந்தான் ஒரு தாதா. நூறு நாளைக்கு மேற்பட்ட கூலி! 1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி அதை இடித்தது. குடும்பத்தையே சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பெண்களும் ஊரில் தங்க, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே ஒதுங்கினார்.

அதுதான் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் நடைபாதையில் குடியிருக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதாவது, தாதா விற்றது தனக்குச் சொந்தமில்லாத மண்! வாங்கியவர் கையில் இருந்தது வெறும் நம்பிக்கை.

தோழர்களே, நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வியாபாரம் நின்றபாடில்லை. என் தகப்பனாரே தாராவியில் ஒரு கோலியை முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி கையெழுத்தோடு வாங்கியவர். போட்டோ பாஸ் பழைய ஆள் பெயரிலேயே கிடந்தது. "அண்ணாச்சி, நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?" என்றார் விற்றவர். அவர் ஓடவில்லை, இறந்துபோனார். அவர் மகன் வந்து, "என் அப்பா பெயரில்தானே இருக்கிறது" என்று மறுபடியும் பணம் கேட்டான். அம்மாவின் தாலிச் சங்கிலி அன்றைக்குத்தான் அடகுக் கடைக்குப் போயிற்று.

ஆகவே முதல் பாடம்: நோட்டரி போட்ட தாளும் பவர் பத்திரமும் சொத்துரிமை தராது. பவர் பத்திரத்தின் மூலம் செய்யும் விற்பனை உரிமையை மாற்றாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரமே பத்திரம்.

இரண்டாவது, தாராவி. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகை சொல்லி அதானி நிறுவனம் இந்தத் திட்டத்தைப் பெற்றது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. "இந்தக் கோலியை வாங்கிப் போடுங்கள், நாளைக்கே 350 சதுர அடி பிளாட்" என்று புரோக்கர்கள் ஆசை காட்டுகிறார்கள். அறிவிக்கப்பட்ட விதி என்ன? தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புக்குத்தான். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்க்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மாடி அறைக்காரர்க்கும் வெளியேதான், வாடகை அல்லது தவணை முறையில். இந்த விதி நியாயமா என்றால், இல்லை! அதை எதிர்த்துப் போராடுவோம். ஆனால் போராட்டம் ஜெயிக்கும் என்று நம்பி மாடி அறைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, எஸ்.ஆர்.ஏ. வீடு. இலவசமாகக் கிடைத்த வீட்டைச் சட்டம் குறித்த காலம் முடியுமுன் விற்க முடியாது. முதலில் பத்தாண்டு என்றிருந்தது; பின்னர் குறைத்தார்கள். காலம் முடிந்தாலும் எஸ்.ஆர்.ஏ.யின் அனுமதி வேண்டும். மாடா குலுக்கல் வீடுகளுக்கோ ஏஜெண்டே கிடையாது. "உள்ளே ஆள் இருக்கிறது" என்பவனை வாசலோடு அனுப்புங்கள்.

நான்காவது, மாட்டுங்கா. அங்கே பழைய கட்டடங்களில் பக்டி வீடுகள் உண்டு. பக்டி கொடுத்தவர் வாடகைதாரரே, உரிமையாளர் அல்ல. 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பக்டி வாங்குவதை அனுமதிக்கிறது. ஆனால் கட்டடக்காரரின் எழுத்துச் சம்மதமும் உங்கள் பெயரில் வாடகை ரசீதும் இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது, செம்பூர்ப் பக்கம் எழும்பும் புதுக் கட்டடங்கள். 2017 மே முதல் ரெரா சட்டம் முழுமையாக நடப்பில் இருக்கிறது. பதிவு எண்ணை மகாரெராவில் சரிபாருங்கள். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் 10 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. விலை பேசுவது கார்ப்பெட் ஏரியாவுக்கு, அதாவது சுவருக்கு உள்ளே நீங்கள் பாய் விரிக்கும் இடத்துக்கு. கட்டி முடிந்த வீடானால் ஓ.சி. கேளுங்கள். வொர்லியில் கேம்ப்பா கோலா வளாகத்துக் கதை தெரியுமல்லவா? ஐந்து மாடிக்குத்தான் அனுமதி; அதற்கு மேலும் கட்டி விற்றார்கள். பல ஆண்டுகள் குடியிருந்த பிறகு, 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த மாடிகளை இடிக்கலாம் என்றது. வசதி படைத்தவர்க்கே அந்தக் கதி என்றால் நம் கதி என்ன?

இனிக் கணக்கு. 60 லட்ச ரூபாய் வீடு என்று வையுங்கள். மும்பையில் முத்திரைத் தீர்வை 6 சதவிகிதம், 3,60,000 ரூபாய். பெண் பெயரில் மட்டும் வாங்கினால் 1 சதவிகிதம் குறையும். தாய்மார்கள் இதைக் கவனியுங்கள்! பதிவுக் கட்டணம் 30,000. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், விற்பவர்க்குத் தரும் பணத்தில் 1 சதவிகிதம் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. பழைய வீடானால் சொசைட்டி மாற்றுக் கட்டணம் 25,000க்கு மேல் கேட்கக் கூடாது. வங்கிக் கடன் போக, இந்தப் பணமும் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டோக்கன் கொடுங்கள். அந்த டோக்கனையும் செக்காகக் கொடுங்கள். "பாதி ரொக்கம்" என்பவரிடம் அந்தப் பாதிக்குப் பிறகு சாட்சி இருக்காது.

கடைசியாக ஒன்று. மராத்தியில் எழுதிய பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல், வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! படிக்கத் தெரியாதது குற்றமல்ல. கேட்காமல் கையெழுத்திடுவதே குற்றம். நம் பிள்ளைகள் இன்று மராத்திப் பள்ளியில் படிக்கிறார்கள், வக்கீலாகவும் இருக்கிறார்கள். டோக்கன் கொடுக்குமுன் காகிதங்களைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒருவர் தனியாகப் போனால் புரோக்கர் பேசுவார். நாலு பேர் சேர்ந்து போனால் காகிதம் பேசும்.

இந்த நகரத்தின் தோலைப் பதனிட்டவர்கள் நாம். சாக்கடையைத் துப்புரவு செய்தவர்கள் நாம். இட்லி அவித்து ஊட்டியவர்கள் நாம். இங்கே நாலு சுவருக்கு உரிமை கேட்பது பிச்சையல்ல. அந்த உரிமையைச் சட்டத்தில் வாங்கப் போராடுவோம். கையில் இருக்கும் காசை ஏமாற்றுக்காரனிடம் இழக்காமலும் இருப்போம்.