ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா?

தீபாவளி முடிந்து பொங்கல் நெருங்கும்போது, சின்னக் குழந்தை இருக்கிற வீடுகளில் எல்.கே.ஜி. பேச்சு ஆரம்பித்துவிடும். எந்த ஸ்கூல், எப்போது அப்ளிகேஷன் கொடுக்கிறார்கள், ஃபீஸ் எவ்வளவு என்று தெருமுனையிலும் கல்யாண மண்டபத்திலும் இதே விசாரிப்புதான். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் நகர்ந்துவிடும் பெற்றோர் சிலர் நம் புதுச்சேரியில் உண்டு. அவர்கள் பிள்ளைக்கு நாலு வயது ஆகப்போகிறது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. அல்லது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் என்று டாக்டர் ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுத்திருப்பார். சில வீடுகளில் இன்னும் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

அவர்கள் கேட்பது ஒன்றுதான். "இந்த வருஷமே போட்டுடலாமா, ஒரு வருஷம் விட்டுச் சேர்க்கலாமா?"

அக்கம்பக்கத்தில் இரண்டு பதிலும் தயாராக இருக்கும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, உடனே கொண்டுபோய் உட்கார வை" என்பார் ஒருவர். "அவங்க அப்பனும் இப்படித்தான், நாலு வயசுக்கு மேலதான் வாயைத் திறந்தான், அவசரப்படாத" என்பார் வீட்டில் இருக்கும் ஆயா. இருவருக்கும் குழந்தைமேல் அக்கறைதான். ஆனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்திருக்கலாம். சும்மா காத்திருக்கக் கூடாது. அந்த ஒரு வருஷத்தில் குழந்தை தினமும் எங்கே போகும், யாரோடு இருக்கும், என்ன பழகும் என்பதற்கு விடை இருந்தால் தள்ளிப்போடுவதில் தவறே இல்லை. விடை இல்லையென்றால், இந்த வருஷமே சேர்த்துவிடுவது நல்லது.

'லேட்' என்கிறோமே, அது எதைவிட லேட்? 2022-இல் மக்களவையில் மத்திய அரசு ஒரு பட்டியல் கொடுத்தது. எந்தெந்த மாநிலத்தில் எத்தனை வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறார்கள் என்ற பட்டியல். அசாம், குஜராத், தெலங்கானா, லடாக்கோடு நம் புதுச்சேரியும் அதில் ஐந்து வயது என்ற வரிசையில் இருந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்வது ஆறு வயது. ஆறு வயது முடிந்த பிள்ளைகளையே ஒன்றாம் வகுப்பில் சேருங்கள் என்று 2023 பிப்ரவரியில் மத்திய கல்வி அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மறுபடி எழுதியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு ஐந்தில் என்றால் எல்.கே.ஜி. மூன்றில். ஒன்றாம் வகுப்பு ஆறில் என்றால் எல்.கே.ஜி. நாலில். மூன்று வயதில் சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொண்ட ஊரில், நாலு வயதில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மா 'ஒரு வருஷம் போச்சே' என்று குன்றிப்போகிறார். நாடு முழுவதற்கும் சொல்லப்படும் கணக்குப்படி அவர் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறார். இதை மாமியாரிடமும் மைத்துனரிடமும் தைரியமாகச் சொல்லலாம்.

இதே ஊரில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. விக்தோர் சிமோனல் வீதியில் 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இருக்கிறது. பிரெஞ்சு முறையில் 'மத்தெர்னெல்' என்கிற மழலைப் பள்ளிக்கு மூன்று வயதிலேயே வந்துவிடுவார்கள். பிரான்சு நாட்டில் 2019-இலிருந்து மூன்று வயது முதலே கல்வி கட்டாயம். அங்கே மழலைப் பள்ளியில் ஒரு பிள்ளையை இன்னொரு வருஷம் நிறுத்திவைக்கப் பொதுவாகச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மாற்றுத்திறன் குழந்தைக்கு மட்டும் அது உண்டு. அதையும் ஹெட்மாஸ்டரோ பெற்றோரோ தனியாக முடிவு செய்துவிட முடியாது. அந்தக் குழந்தைக்கென்று ஒரு கல்வித் திட்டம் எழுதி, அதற்கான ஆணையம் தீர்மானிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், கூடுதல் வருஷம் கொடுக்கும்போதே அந்த வருஷத்தில் என்ன செய்யப்போகிறோம் என்பதும் தாளில் வந்துவிடுகிறது. நம்மிடம் அப்படியொரு ஆணையம் இல்லை. முடிவு முழுக்க ஒரு அம்மாவின் தலையில் விழுகிறது. அதனால் அந்தத் தாளை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்போது காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது? குறைமாதத்தில் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் நடுவில் பிறக்க வேண்டியது பதினோரு வாரம் முந்தி மே மாதக் கடைசியில் பிறந்துவிட்டது. மே 31-க்குள் வயது முடிந்திருக்க வேண்டும் என்பது பள்ளியின் விதியானால், பர்த் சர்டிபிகேட் இந்தக் குழந்தையை அந்த வகுப்பிலேயே ரொம்பச் சின்னப் பிள்ளையாக்கி உட்கார வைத்துவிடும். நாள் தவறாமல் பிறந்திருந்தால் அடுத்த செட்டில் வந்திருக்கும். குறைமாதக் கணக்கைக் கழித்து வளர்ச்சியைப் பார்க்கும் பழக்கத்தைப் பெரும்பாலும் இரண்டு வயதோடு டாக்டர்கள் நிறுத்திவிடுவார்கள். பள்ளியோ அந்தக் கணக்கைக் கேட்பதே இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு வருஷம் கொடுப்பது அதற்குச் சேரவேண்டியதைக் கொடுப்பதுதான். இதயத்தில் அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது, வலிப்புக்கு மருந்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், காக்ளியர் கருவி வைத்து இப்போதுதான் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது என்றாலும் பொறுப்பதில் காரணம் இருக்கிறது.

வகுப்பில் சின்னப் பிள்ளையாக இருப்பதன் பாதிப்பை அமெரிக்க ஆய்வு ஒன்று நன்றாகவே காட்டுகிறது. செப்டம்பர் 1-ஐ வயதுக்கான கடைசி நாளாக வைத்திருக்கும் மாகாணங்களில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களாக இருந்த பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று முத்திரை விழுந்திருந்தது. 2018-இல் வந்த ஆய்வு இது. ஒரு வருஷச் சின்னத்தனத்தைக் கோளாறு என்று படித்துவிட்டார்கள். டென்மார்க் பிள்ளைகளைப் பற்றி 2015-இல் வந்த ஆய்வும், ஒரு வருஷம் தள்ளிச் சேர்ந்தவர்களுக்கு ஏழு வயதில் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது என்கிறது.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் தள்ளிவிடலாம்' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டென்மார்க்கில் அந்த ஒரு வருஷம் குழந்தை வீட்டில் டி.வி. முன்னால் இருப்பதில்லை. அரசு ஆதரவில் நடக்கும் நல்ல மழலையர் காப்பகத்தில், விளையாட்டும் தோழர்களுமாக இருக்கிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது, வேறு மாதிரிச் சொல்கிறது. தள்ளிச் சேர்க்கப்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள், உரிய வயதில் சேர்ந்த அதே போன்ற குழந்தைகளைவிட மூன்றாம் வகுப்பில் பின்தங்கித்தான் இருந்தார்கள். வயது கூடியதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. பேச்சு வருவதற்கு எதிரில் ஒருவர் பேச வேண்டும். அதுவும் சம வயதுப் பிள்ளைகள் பேச வேண்டும்.

தெரபி மையம் ஒன்றின் கூடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நாலரை வயதுப் பையன், டவுன் சிண்ட்ரோம். சாப்பாட்டு நேரம். அம்மா பழக்கத்தில் டப்பாவைத் திறக்கக் கை நீட்டினார். "நீங்க உட்காருங்க அக்கா, அவன் திறக்கட்டும்" என்றார் தெரபிஸ்ட். இரண்டு பக்கமும் கிளிப் வைத்த எவர்சில்வர் டப்பா. பையன் அதை மடியில் கவிழ்த்தான், முகவாயால் அழுத்தினான், கட்டைவிரலை கிளிப்புக்கு அடியில் நுழைக்கப் பார்த்தான். விரலில் அவ்வளவு பலம் இல்லை. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பக்கம் 'டக்' என்று விட்டது. இன்னொரு பக்கத்தைத் தெரபிஸ்ட் லேசாகத் தளர்த்திக் கொடுத்தார். மூடி திறந்த வேகத்தில் ஒரு இட்லி தரையில் உருண்டது. பையன் கைகொட்டிச் சிரித்தான். தெரபிஸ்ட் நோட்டை எடுத்து அன்றைய தேதி போட்டு, 'டப்பா, ஒரு பக்கம், தானே' என்று எழுதினார். நான் சொல்லும் தாள் இப்படித்தான் இருக்கும்.

எல்.கே.ஜி.க்கு ஏ, பி, சி, டி தெரிந்து போக வேண்டியதில்லை. பாத்ரூம் வருகிறது என்று வாயாலோ சைகையாலோ சொல்வது, டப்பாவைத் திறப்பது, கதை சொல்லும்போது ஐந்து பத்து நிமிஷம் மற்ற பிள்ளைகளோடு உட்காருவது, மணியடித்தால் மிரளாமல் இருப்பது, இவையெல்லாம் கைக்கு வந்தால் முதல் மாதம் சுலபமாகக் கழியும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளி நிபந்தனை போட முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், குழந்தைக்குத் தேவையான வசதியைச் செய்துதர வேண்டும் என்கிறது. "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கம்மா, கொஞ்சம் செட் ஆகட்டும்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பும் பள்ளிகள் உண்டு. சில ஆசிரியர்கள் உண்மையான அக்கறையில் சொல்கிறார்கள். பல நேரம் அது 'வேண்டாம்' என்பதன் மரியாதையான வடிவம். அடுத்த வருஷம் போனால் அதற்கடுத்த வருஷம் என்பார்கள். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. "அடுத்த வருஷம் கட்டாயம் எடுத்துக்கொள்வதாக எழுதித் தருவீர்களா மேடம்?" என்று கேளுங்கள்.

சரி, காத்திருக்க முடிவு செய்தாகிவிட்டது. அந்த வருஷம் எங்கே? முதல் இடம் தெருவிலேயே இருக்கிற பால்வாடி. வசதியுள்ளவர்கள் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் வந்ததிலிருந்து, அங்கன்வாடிப் பிள்ளைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பிள்ளை அந்தக் குழுவின் கண்ணில் படுவதே இல்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே அங்கன்வாடிகளுக்கு ஒரு வழிமுறையை வெளியிட்டது. வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிவது, மற்ற பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்வது, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது மூன்றும் அதில் இருக்கின்றன. உங்கள் தெரு டீச்சருக்கு அது தெரியவில்லையென்றால் நீங்கள் சொல்லலாம், தப்பில்லை.

தெரபிக்கு நம் ஊரில் போக்கிடம் இல்லாமல் இல்லை. சித்ரா ஷா முன்னின்று நடத்தும் சத்யா சிறப்புப் பள்ளி 2003-இலிருந்து இங்கே இயங்குகிறது. மதிப்பீடு வேண்டுமென்றால் ஜிப்மர் இருக்கிறது. ஈ.சி.ஆரில் சென்னை போகிற வழியில், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005-இலிருந்து இருக்கிறது. ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான மையம் 2021-இல் அங்கே தொடங்கியது. ஆறு வயது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தள்ளிப்போட யோசிக்கும் அந்த ஒரு வருஷம் இந்த வயதுக்குள்தான் வருகிறது. செலவுக்கு, தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உண்டு. தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

தள்ளிப்போடுவதில் பிற்பாடு வரும் சிக்கல்களையும் இப்போதே யோசிக்க வேண்டும். அதே 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவு, நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு, அக்கம்பக்கப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. அந்த உரிமை ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை. ஆறில் ஒன்றாம் வகுப்பு என்றால் பதினெட்டில் பிளஸ் டூ முடியும். ஒரு வருஷம் தள்ளினால் பிளஸ் டூவுக்கு முன்பே பதினெட்டு வந்துவிடும். எல்.கே.ஜி.யில் ஒன்று, யூ.கே.ஜி.யை மறுபடி படிக்கவைத்து ஒன்று என்று இரண்டு வருஷம் போனால், பத்து முடித்த கையோடு பதினெட்டு. பெண் குழந்தையானால் இன்னொன்றும் உண்டு. நாலாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிடலாம். சுற்றிலும் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள். அந்த நாட்களை அவள் எப்படிச் சமாளிப்பாள் என்று வகுப்பு டீச்சரோடு பேசி வைக்க வேண்டும்.

தம்பியோ தங்கையோ இருக்கிற வீட்டில், அண்ணனும் தம்பியும் ஒரே வகுப்பில் வந்து சேரும் நாளையும் மறந்துவிடாதீர்கள். சில வீடுகளில் அது நன்றாகவே நடக்கிறது. தம்பி அண்ணனுக்குக் காவலாக நிற்கிறான். சில வீடுகளில் அந்தத் தம்பி, விளையாடப் போக முடியாத ஏழு வயது ஆயாம்மாவாகிவிடுகிறான். எனக்குக் கவலை அவனைப் பற்றியும்தான்.

சேர்ப்பதா, நிறுத்துவதா என்ற இரண்டுக்கும் நடுவிலும் இடம் இருக்கிறது. எல்.கே.ஜி.யில் பெயரைப் பதிந்துவிட்டு, முதல் இரண்டு மாதம் காலை பத்தரை வரை மட்டும் அனுப்பலாமா, வாரத்தில் இரண்டு நாள் தெரபிக்கு விட்டுவிடலாமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளும் பள்ளிகள் இருக்கின்றன. கேட்கப் போகும்போது பிரின்சிபால் அறையோடு திரும்பிவிட வேண்டாம். வகுப்பு நடக்கிற நேரத்தில், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்.கே.ஜி. வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். டீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் பிள்ளையிடம் குனிந்து பேர் கேட்கிறாரா, உங்களிடம் மட்டும் பேசுகிறாரா என்று கவனியுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் டிசம்பரில் ஒருமுறை நோட்டைத் திறந்து பாருங்கள். ஜூனில் எழுதியதற்கும் டிசம்பரில் எழுதியதற்கும் வித்தியாசமே இல்லையென்றால், எடுத்த முடிவை மாற்றுவதற்கு அப்போதும் நேரம் இருக்கிறது. அடுத்த அப்ளிகேஷன் கொடுக்கத் தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான்.