முன் கண்ணாடியில் ஒரு பொட்டு



ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். முன் கண்ணாடியில் மிளகளவு ஒரு பொட்டு விழுந்திருக்கும். தார்ப்பாய் போடாத லாரிக்காரரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, வீடு வந்து சேர்வதற்குள் மறந்தும் விடுவோம். வண்டி ஓடுகிறது, பார்வையை மறைக்கவில்லை, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. அப்புறம் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், அந்தப் பொட்டிலிருந்து கிளம்பிய ஒரு கோடு கண்ணாடியின் பாதி தூரம் ஓடியிருக்கும். சின்னச் செலவில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரம் ரூபாய்க்குப் போய் நிற்கும்.

பொட்டை அடைத்தால் போதுமா, கண்ணாடியையே மாற்ற வேண்டுமா? இதற்கு விடை சொல்ல, அந்தக் கண்ணாடி எப்படிச் செய்யப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி வேறு, முன் கண்ணாடி வேறு. பக்கத்தில் இருப்பது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய கண்ணாடி. உடைந்தால் கற்கண்டு கொட்டினதுபோல மொத்தமும் உதிர்ந்துவிடும். அதற்கு ரிப்பேரே கிடையாது. முன் கண்ணாடி லேமினேட்டட் வகை. ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கண்ணாடிகள். நடுவில் முக்கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு பிளாஸ்டிக் படலம். 1903-இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு குடுவை கீழே விழுந்து, விரிசல் கண்டும் சிதறாமல் நின்றதாம். உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை வைத்து அவர் 1909-இல் காப்புரிமை பெற்றார். இன்று படலம் மாறியிருக்கிறது, அடிப்படை அதுவேதான்.

இதனால் நமக்கு என்ன லாபம் என்றால், கல் அடித்தால் பெரும்பாலும் வெளிக் கண்ணாடி மட்டுமே அடி வாங்குகிறது. படலமும் உள் கண்ணாடியும் தப்பிவிடுகின்றன. ரிப்பேர் என்பது சாத்தியமாவதே இதனால்தான். உங்கள் வண்டியில் நிலைமை என்ன என்று விரல் நகத்தை வைத்தே பார்த்துவிடலாம். வெளிப்பக்கம் பொட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள், தட்டும். பிறகு உள்ளே உட்கார்ந்து அதே இடத்தில் ஓட்டுங்கள். அங்கேயும் தட்டினால் இரண்டு அடுக்கும் போயிற்று. பேச்சுக்கே இடமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பொட்டு ஏன் ஓடுகிறது? ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர், கண்ணாடியையே சோதனைப் பொருளாக வைத்து 1921-இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணாடி முழுவதும் பரவ வேண்டிய இழுவிசை, விரிசலின் கூர்முனையில் வந்து குவிகிறது. அதனால் மிகச் சிறிய விரிசலும் கண்ணாடியின் பலத்தைப் பெரிதாகக் குறைத்துவிடும். இதை நம்மூர் வெயிலோடு சேர்த்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணிவரை வெட்டவெளியில் நின்ற கார். ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புகிறோம். வெளிப்பக்கம் கொதிக்கிறது, உள்பக்கம் சுருங்கப் பார்க்கிறது. அடுத்த தெருவில் ஒரு வேகத்தடை. விரிசல் ஓட இவ்வளவு போதும். மழைநீர் உள்ளே இறங்கினால் இன்னும் மோசம். ஈரம் பட்ட விரிசல் குறைந்த இழுவிசையிலேயே வளரும்.

ஆகவே கல் அடித்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சுத்தமான துணியால் மேலே ஒற்றிவிட்டு, ஒளி ஊடுருவும் செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டுங்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது. ரிப்பேர் முடியும்வரை வாட்டர் வாஷ் வேண்டாம். நெயில் பாலிஷ், பற்பசை, சூப்பர் க்ளூ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியங்களை மறந்துவிடுங்கள். கண்டதையும் உள்ளே விட்டு அடைத்துவிட்டால், பிறகு விரிசலை நிரப்பும் ரெசின் என்ற பிசின் போக வழியில்லாமல் ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிடுவார்.

எந்தப் பொட்டை அடைக்கலாம்? கடைக்காரர்கள் சொல்லும் பொது அளவு ஒரு ரூபாய் நாணயம். அதற்குள் அடங்கினால் பெரும்பாலும் அடைத்துவிடலாம். நீண்ட கோடாக ஓடியதை நான் நம்பமாட்டேன். இரண்டு மூன்று அங்குலக் கோட்டையும் நிறுத்திக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது கையைப் பொறுத்த வேலை. அளவைவிட இடம் முக்கியம். கண்ணாடியின் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விழுந்த விரிசல் நிற்பது கடினம், கண்ணாடியின் பலவீனமே ஓரத்தில்தான். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே விழுந்தது இன்னொரு சங்கடம். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையில் இதற்குத் தெளிவான அளவு வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்கு நேராக, வைப்பர் துடைக்கும் பரப்பில், 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மில்லிமீட்டர் வரை விடுகிறார்கள். ஒரே பொட்டு, இடம் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. நமக்கும் இது நல்ல அளவுகோல்தான்.

ரிப்பேர் நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், அலுக்காது. வண்டியை நிழலில் நிறுத்துவார்கள். வெயில் பட்டால் ரெசின் பாதியிலேயே இறுகிவிடும். ஊசி முனையால் தளர்ந்த பொடியைக் கிளறி எடுப்பார்கள். ரப்பர் உறிஞ்சியோடு கூடிய ஒரு சின்னத் தாங்கியைக் கண்ணாடியில் பதித்து, அதன் நடுக்குழாயில் சில சொட்டு ரெசின். திருகை இறுக்கினால் ரெசின் உள்ளே போகும். இழுத்தால் அடைபட்ட காற்று வெளியே வரும். தள்ளு, இழு, தள்ளு, இழு. விரிசலுக்குள் இருக்கும் காற்றுதான் நமக்குக் கறுப்பாகத் தெரிவது. ரெசின் ஏற ஏற அந்தக் கறுப்பு இதழ்கள் ஒவ்வொன்றாக மறையும்; ஒளியை வளைக்கும் விதத்தில் ரெசினும் கண்ணாடியும் கிட்டத்தட்ட ஒன்று. பிறகு புற ஊதா விளக்கைச் சில நிமிடம் காட்டி இறுகவைத்து, மேலே வழிந்ததைப் பிளேடால் சீவிவிடுவார்கள். அரை மணி நேர வேலை. மெல்லிய தழும்பு ஒன்று மிச்சமிருக்கும். "சார், கோடு ஓடாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா அடையாளம் தெரியும்" என்று முன்னாலேயே சொல்கிறவரை நம்பலாம். சுத்தமாக மறைந்துவிடும் என்பவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்.

அந்தத் தழும்பு கண்ணுக்கு நேரே இருந்தால்? இரவில் எதிரே வரும் வண்டியின் ஹை பீம் அதில் பட்டுச் சிதறும். அப்படிப்பட்ட இடமென்றால் என் ஓட்டு மாற்றுவதற்கே. ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புது வண்டிகளில், கேமராவுக்கு முன்னால் பொட்டு விழுந்தாலும் அதேதான். மாற்றியபின் அந்தக் கேமராவைத் திரும்பச் சீர்செய்யும் செலவையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி, அடைக்க முடிகிற வரை அடைப்பதே என் கட்சி. அதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. இன்றைய கார்களில் முன் கண்ணாடியை பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டியிருக்கிறார்கள். வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதில் அதற்குப் பங்குண்டு. பல வண்டிகளில் முன் சீட்டுப் பயணியின் ஏர்பேக் அந்தக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துத்தான் விரிகிறது. கம்பெனியில் ஒட்டிய ஒட்டு அப்படியே இருக்கும்வரை கவலையில்லை. மாற்றும்போது பழைய பசையைக் கத்தியால் அறுத்தெடுக்கிறார்கள். கத்தி தவறி பெயின்டில் கீறி, பிரைமர் அடிக்காமல் விட்டால் அங்கே துரு பிடிக்கும். அடுத்த மழைக்கு டேஷ்போர்டுக்குள் தண்ணீர். மாற்றியே ஆகவேண்டும் என்றால், இந்தப் பசைக்கு எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்று கேளுங்கள். அது பசைக்குப் பசை மாறும். 'இப்பவே எடுத்துட்டுப் போங்க சார்' என்றால் கடையை மாற்றுங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் 1,500 சிசி வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் நம் கையிலிருந்து போகும். அதைவிடப் பெரியது நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. உதாரணத்துக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் போனஸைக் கழிக்கும் முன் 10,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீத போனஸ் இருக்கிறது. 6,000 ரூபாய்க் கண்ணாடிக்கு க்ளெய்ம் போட்டால் கைக்கு வருவது 5,000. அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யம். அங்கிருந்து 20, 25, 35, 45 என்று படியேறி மறுபடி 50-ஐத் தொடுவதற்குள், பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டாலே 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் சிலரிடம் இருக்கும். கண்ணாடி வேலைக்கு போனஸைக் குறைக்காத பாலிசிகளும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று ஏஜென்ட்டிடம் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் க்ளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.