முதலில் மாறிய ஆலை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்தப் பெரியவர் வார்ப்படப் பட்டறையில் வேலை கற்று, இன்ஜின் உதிரிபாகம் செய்து வாழ்ந்தவர். அதனால் பேசுபொருளை நான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் இல்லாத கார் வந்துவிட்டது. இன்ஜினால் பெயர் பெற்ற பழைய நிறுவனங்கள் இந்தப் போட்டியில் எப்படி நிற்கின்றன? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? உலகம் முழுவதையும் சுற்றிவராமல் ஒரே ஓர் ஆலையை வைத்துச் சொல்கிறேன். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் சுவிக்காவ் என்ற ஊரில் உள்ள ஃபோக்ஸ்வாகன் ஆலை அது.

சுவிக்காவ் கார்த் தொழிலில் பழைய ஊர். ஆகஸ்ட் ஹோர்ஹ் 1904இல் தம் தொழிற்சாலையை அங்கே கொண்டுவந்தார். 1909இல் அதிலிருந்து விலகி, அதே ஊரில் அவர் தொடங்கிய அடுத்த நிறுவனம்தான் ஆடி கார்களின் தொடக்கம். உலகப் போருக்குப் பின் ஊர் கிழக்கு ஜெர்மனியின் பக்கம் போனது. அங்கே 1957 முதல் டிராபன்ட் என்ற கார் தயாரானது. இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். தகட்டுக்குப் பதிலாகப் பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த உடல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கார் பெரிதாக மாறவே இல்லை. பொறியாளர்கள் புதிய மாதிரிகளை உருவாக்கிக் காட்டினார்கள். ஆட்சியாளர்கள் அவற்றை நிறுத்திவைத்தார்கள். பெர்லின் சுவர் விழுந்ததும் மேற்கத்தியக் கார்கள் உள்ளே வந்தன, டிராபன்ட்டை வாங்க ஆள் இல்லை. சுமார் 30 லட்சம் கார்களைச் செய்த அந்த ஆலையிலிருந்து 1991 ஏப்ரல் 30 அன்று கடைசி வண்டி வெளியே வந்தது. மாறாமலே இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சுவிக்காவ் மக்களுக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. நான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதல் காரணம்.

அதற்குள் ஃபோக்ஸ்வாகன் 1990லேயே ஊருக்குப் பக்கத்தில் மோசலில் கால் ஊன்றிவிட்டது. முதலில் போலோ, பிறகு கோல்ஃப். அடுத்த கால் நூற்றாண்டு நன்றாகவே போயிற்று.

2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகனின் டீசல் மோசடியை வெளிப்படுத்தியது. சோதனைக்கூடத்தில் இருக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் இருந்தது. அபராதம், இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து 3,000 கோடி யூரோவுக்கு மேல் போயிற்று. அந்த அவமானத்துக்குப் பிறகு பழைய நிறுவனங்களிலேயே மிகத் துணிச்சலான முடிவை ஃபோக்ஸ்வாகன் எடுத்தது. 2018இல் தலைமைக்கு வந்த ஹெர்பர்ட் டீஸ், மின்கார்தான் இனி நிறுவனத்தின் எதிர்காலம் என்று அறிவித்தார். சுவிக்காவ் ஆலை முழுவதையும் பெட்ரோல், டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றுவது என்று முடிவானது. செலவு 120 கோடி யூரோ, மறுபயிற்சி பெற வேண்டிய தொழிலாளர் சுமார் 8,000 பேர், இலக்கு ஆண்டுக்கு 3,30,000 கார்கள். 2019 நவம்பர் 4 அன்று முதல் ஐடி.3 மின்கார் வெளிவந்தபோது பிரதமர் ஏங்கலா மெர்க்கலே நேரில் வந்திருந்தார். 2020 ஜூனில் அங்கே கடைசி கோல்ஃப் முடிந்தது. பெரிய நிறுவனம் ஒன்று ஓடிக்கொண்டிருந்த பெரிய ஆலையை முழுதாக மின்காருக்கு மாற்றியது உலகில் அதுவே முதல் முறை என்று சொன்னார்கள்.

வேலை எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கோல்ஃப் என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ், பெட்ரோல் டாங்க், காரின் நீளத்துக்கு ஓடும் சைலன்சர் குழாய் எல்லாம் வந்து சேர வேண்டும். ஐடி.3 காரில் மோட்டார் பின் அச்சோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது; மாற்றிப் போட கியர் கிடையாது, ஒரே ஒரு வேகக்குறைப்புப் பல்சக்கரத் தொகுதிதான். தரைக்கு அடியில் தட்டையான பேட்டரிப் பெட்டி. 58 கிலோவாட் மணி பேட்டரி என்றால் உள்ளே 9 தொகுதிகள், தொகுதிக்கு 24 செல், ஆக 216 செல்கள். இந்தப் பெட்டியைக் கீழிருந்து தூக்கி உடலோடு போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். மோட்டார் காசெல் ஆலையிலிருந்து வருகிறது, பேட்டரிப் பெட்டி பிரவுன்ஷ்வைக் ஆலையிலிருந்து வருகிறது. இரண்டும் ஃபோக்ஸ்வாகனுக்கே சொந்தம். அந்த 216 செல்கள் மட்டும் கொரிய நிறுவனமான எல்ஜியிடமிருந்து வாங்கியவை.

பழைய நிறுவனத்தின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இன்ஜினில் பிறர் எளிதில் எட்டிவிட முடியாதபடி நூறாண்டு அனுபவம் அவர்களிடம் குவிந்திருந்தது. மின்காரில் அதே இடத்தைப் பிடித்திருக்கும் செல் அவர்கள் கைத்தொழில் அல்ல. காரிலேயே விலை அதிகமான பொருளை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. இதைச் சரிசெய்ய ஃபோக்ஸ்வாகன் முயலாமல் இல்லை. ஸ்வீடனின் நார்த்வோல்ட் நிறுவனத்தில் மிகப்பெரிய பங்குதாரராகச் சேர்ந்தது. அது 2025 மார்ச்சில் திவாலானது. இன்ஜின் செய்த சால்ஸ்கிட்டர் வளாகத்திலேயே சொந்தச் செல் ஆலைக்கு 2022இல் அடிக்கல் நாட்டியது.

எதிர்ப்பக்கம் நிற்பவர் வந்த வழி நேர்மாறானது. சீனாவின் பிஒய்டி நிறுவனத்தை 1995இல் ஷென்ஜென்னில் தொடங்கிய வாங் சுவான்ஃபூ வேதியியல் படித்தவர். கைப்பேசிக்குப் பேட்டரி செய்து வளர்ந்து, 2003இல்தான் ஒரு சிறிய கார் நிறுவனத்தை வாங்கினார். பேட்டரி முதலில், கார் பிறகு. 2022 மார்ச்சில் பெட்ரோல் மட்டுமே ஓட்டும் கார்களைத் தயாரிப்பதை அடியோடு நிறுத்தினார். 2023இல் சீனாவில் அதிகம் விற்ற கார் பிராண்டு என்ற இடத்தை ஃபோக்ஸ்வாகனிடமிருந்து பிஒய்டி பறித்துக்கொண்டது. 1984இல் ஷாங்காய்க் கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டு, சான்டானா காரோடு சீனாவுக்குப் போன நிறுவனம் ஃபோக்ஸ்வாகன். ஒரு தலைமுறைச் சீனர்களுக்கு அதுதான் முதல் கார். அந்த நிறுவனக் குழுமம் 2019இல் சீனாவில் சுமார் 42 லட்சம் கார் விற்றது. 2024இல் சுமார் 29 லட்சம். சீனக் கூட்டு நிறுவனங்களிலிருந்து 2015இல் அதன் பங்குக்கு வந்த இயக்க லாபம் சுமார் 520 கோடி யூரோ. 2024இல் 170 கோடி யூரோ. ஜெர்மன் ஆலைகளின் மின்கார் மாற்றத்துக்குத் துணைநின்ற ஊற்றுகளில் ஒன்று இப்படி வற்றியது.

மென்பொருளிலும் அடி விழுந்தது. 2020இல் ஐடி.3 கார்கள் செய்து முடிக்கப்பட்டு, மென்பொருள் முழுமையாகாததால் ஆயிரக்கணக்கில் திடலில் காத்திருந்தன. முதலில் வாங்கியவர்களுக்குச் சில வசதிகள் பின்னால் வரும் என்ற உறுதியோடுதான் கார் கொடுக்கப்பட்டது. எல்லாக் கார்களுக்கும் சேர்த்து மென்பொருள் எழுதத் தொடங்கிய காரியாட் என்ற துணை நிறுவனம் தாமதத்தில் சிக்கியதால் போர்ஷே, ஆடி மாதிரிகளே தள்ளிப்போயின. 2022இல் டீஸ் பதவி இழந்தார். அடுத்து வந்த ஆலிவர் புளூமே வேறு வழியில் போனார். 2023இல் சீனாவின் எக்ஸ்பெங்கில் சுமார் 70 கோடி டாலர் போட்டுக் கிட்டத்தட்ட 5 விழுக்காடு பங்கு. 2024இல் அமெரிக்காவின் ரிவியனோடு 580 கோடி டாலர் வரையிலான கூட்டு. நேற்று முளைத்த நிறுவனங்களிடம் போய்க் கற்றுக்கொள்ள ஒரு பெருநிறுவனம் முன்வந்ததைச் சிலர் தோல்வி என்று எழுதினார்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் என்ன குறை இருக்கிறது? எனக்கு அதில் மதிப்புத்தான் கூடியது.

இப்போது மீண்டும் சுவிக்காவுக்கு வருவோம். 2023 நவம்பரில் ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் அரசின் நிதி ஏற்பாடு ஒன்றைச் செல்லாது என்றது. நிதி நெருக்கடியில், டிசம்பரில் ஒரே வாரயிறுதிக்குள் மின்கார் மானியம் முடிந்துபோனதாக அரசு அறிவித்தது. மந்தமாகிக்கொண்டிருந்த விற்பனை சரிந்தது. மற்ற பல ஆலைகளுக்குப் பெட்ரோல் கார் என்ற மாற்று இருந்தது. சுவிக்காவுக்கு இல்லை. தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் முதலில் போனார்கள்.

2024 செப்டம்பரில், 1994 முதல் நடைமுறையில் இருந்த வேலைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை ஃபோக்ஸ்வாகன் ரத்து செய்தது. டிசம்பரில் எச்சரிக்கை வேலைநிறுத்தங்கள் நடந்தன. டிசம்பர் 20 அன்று ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உடனடியாக ஆலை மூடல் இல்லை, கட்டாயப் பணிநீக்கம் இல்லை. 2030க்குள் ஜெர்மனியில் 35,000க்கு மேற்பட்ட பணியிடங்கள் குறையும். அதன்படியே டிரெஸ்டன் ஆலையில் 2025 முடிவில் கார் உற்பத்தி நின்றது. சுவிக்காவில் தயாராகும் ஐடி.3 வுல்ஃப்ஸ்பூர்க் தலைமை ஆலைக்குப் போகும், ஐடி.4 மின்கார் எம்டன் ஆலைக்குப் போகும். 2027க்குப் பிறகு சுவிக்காவிடம் மிஞ்சுவது ஆடியின் ஒரு மாதிரியும், பழைய கார்களைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் வேலையும்.

நிர்வாகம் கேட்டதையெல்லாம் செய்தவர்கள் இவர்கள். பழகிய வேலையை விட்டு, உயர் மின்னழுத்தப் பயிற்சி எடுத்து, ஊரோடு மாறினார்கள். தொடர்ந்து கோல்ஃப் செய்துகொண்டிருந்த வுல்ஃப்ஸ்பூர்க் இப்போது அவர்களுடைய காரைப் பெறுகிறது. இதில் சதி எதுவும் இல்லை, கட்டமைப்பே அப்படி. வுல்ஃப்ஸ்பூர்க் இருக்கும் கீழ் சாக்சனி மாநிலத்திடம் நிறுவனத்தின் 20 விழுக்காடு வாக்குரிமை இருக்கிறது, மேற்பார்வைக் குழுவில் இடம் இருக்கிறது. சுவிக்காவ் இருக்கும் சாக்சனிக்கு அந்தப் பலம் கிடையாது. மின்காருக்கு மாற வேண்டும் என்ற முடிவு சரி என்றே நம்புகிறேன். ஆனால் சந்தை எப்போது மாறும் என்ற கணக்கு தவறினால் வரும் இழப்பு முழுவதும், முதலில் மாறிய ஊரின் தலையில் விழும்படி விட்டது அநீதி.

கொலோன் நகரில் ஃபோர்டுக்கும் இதுவே நடந்தது. 2023இல் ஃபியஸ்டாவை நிறுத்தி, சுமார் 200 கோடி டாலரில் ஆலையை மின்காருக்கு மாற்றினார்கள். அங்கே செய்யும் எக்ஸ்ப்ளோரர் ஃபோக்ஸ்வாகனின் அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. எதிர்பார்த்த விற்பனை இல்லை. 2025 மே மாதம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1930களின் தொடக்கத்திலிருந்து ஓடும் அந்த ஆலையின் வரலாற்றில் சங்கம் முறைப்படி அறிவித்த முதல் வேலைநிறுத்தம் அது.

பிஎம்டபிள்யூ வேறு மாதிரி யோசித்தது. பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றையும் ஒரே அசெம்பிளி லைனில் விட்டது. இதற்கு விலை உண்டு. ஐ4 என்ற மின்காரின் பின் இருக்கையில் நடுவில் உட்காருபவர் காலடியில் ஒரு மேடு தட்டுப்படும். பெட்ரோல் காரில் உந்து தண்டு போகும் இடம் அது. மின்காரில் தண்டே இல்லை, மேடு மட்டும் இருக்கிறது. முடிவெடுக்கத் தெரியாத நிறுவனம் என்று அப்போது பிஎம்டபிள்யூவை விமர்சித்தார்கள். 2024இல் குழுமம் 4,26,000க்கு மேல் மின்கார் விற்றது, முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாக. தேவை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதே லைனில் அதே தொழிலாளிக்கு வேலை இருந்தது. அந்தப் பாதுகாப்புக்காக ஒரு மேட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். மின்காருக்கென்றே வடிவமைத்த புதிய தலைமுறைக்கு அவர்கள் இப்போதுதான், ஹங்கேரியில் புதிய ஆலை கட்டி, வந்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. மறைமலை நகரில் 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திப் போன அதே ஃபோர்டு, 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே திரும்பி வருவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. செய்யப்போவது மின்மோட்டார் அல்ல, புதிய தலைமுறை இன்ஜின். 2029 முதல், ஆண்டுக்கு 2,35,000. அதே 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை தொடங்கியிருக்கிறது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். மேலை நாடுகளில் இன்ஜின் முதலீடு சுருங்கும்போது மிச்சத் தேவையை நிறைவேற்றும் வாய்ப்பு நமக்கு வருவது நல்லதுதான். ஆனால் அந்தத் தேவைக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது, அது எந்த ஆண்டு என்பது மட்டுமே தெளிவில்லை.

2024 டிசம்பர் ஃபோக்ஸ்வாகன் உடன்பாட்டில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. ஆண்டுக்கு 1,400 அப்ரண்டிஸ்களை எடுத்துவந்த நிறுவனம் 2026 முதல் 600 பேரை மட்டுமே எடுக்கும். சங்கத்தில் இருப்பவர்களைச் சங்கம் காப்பாற்றியது. அது அதன் கடமை. இன்னும் வேலைக்கே வராத இளைஞருக்காகப் பேச அந்த மேசையில் யாரும் இல்லை. உதிரிபாகம் செய்பவர்களுக்கும் அங்கே நாற்காலி கிடையாது. கியர்பாக்ஸுக்குப் பெயர்போன இசட்எஃப் நிறுவனம் ஜெர்மனியில் 14,000 பணியிடங்கள் வரை குறைப்பதாக 2024இல் சொன்னது. கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் வால்வும் பிஸ்டனும் வார்ப்பும் செய்யும் பட்டறைகளின் இடம் அந்த வரிசையில் இன்னும் பின்னால்.

2029இல் மறைமலை நகரில் 22 வயதில் வேலைக்குச் சேருபவர் 58 வயதில் ஓய்வு பெறும்போது ஆண்டு 2065. அந்த இன்ஜினை எத்தனை ஆண்டு செய்வார்கள்? அது நின்றபின் அந்தக் கூடத்தில் என்ன செய்வார்கள்? மறுபயிற்சிச் செலவில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, அரசின் பங்கு எவ்வளவு? நிலமும் மின்சாரமும் வரிச் சலுகையும் கொடுக்கிற அரசுக்கு இவற்றைக் கேட்டு எழுதி வாங்கும் உரிமை உண்டு. அந்தப் பேச்சில் தொழிற்சங்கத்தோடு, பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர்களின் சங்கமும் உட்கார வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு கோரிக்கை மனுவை எழுத இந்தக் கல்லூரியின் மாணவர்கள் முன்வந்தால், உடன் உட்கார்ந்து வேலை செய்ய நான் தயார்.