பழைய மரத்தில் எழுதுகோல் கடைதல்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற கூட்டத்தில் யாம் வருகைப் புத்தகத்திற் கையெழுத்திட்ட எழுதுகோலைக் கண்ட அன்பர் சிலர், அஃது எக்கடையில் வாங்கியது என வினவினர். வாங்கியதன்று, இடித்த வீட்டின் தூணிலிருந்து கடைந்தது என்றோம். அதனைப் பற்றியே இம்மாதம் பேசுதல் வேண்டுமெனக் காரியதரிசியவர்கள் கட்டளையிட்டனர். உளி பிடித்துப் பழகிய கை எமது. மேடையிற் பேசிப் பழகிய நா அன்று. பிழையுளதேல் பொறுத்தருள்க.

எம் பாட்டனார் கட்டிய வீட்டைப் பங்காளிகள் யாவரும் இசைந்து விற்க நேர்ந்தது. வாங்கியவர் அதனை இடித்துவிட்டார். கதவுகளும் தூண்களும் மர வியாபாரியின் வண்டியேறிப் போயின. யாம் போய்ச் சேர்ந்த பொழுது எஞ்சிக் கிடந்தது, ஒரு தேக்குத் தூணின் அடியில் அறுத்தெறிந்த சாண் நீளத் துண்டு ஒன்றே. அதுவும் வெந்நீரடுப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கேட்டு வாங்கி வந்தோம். ஒரு புறம் கறையான் அரித்திருந்தமையால், பழுதற்ற பாகத்தில் மூன்று சட்டங்களே தேறின. தமக்கையார்க்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எமக்கு ஒன்று என மனத்திற் பங்கிட்டுக் கொண்டோம்.

எழுதுகோல் கடைதல் நம் நாட்டுக்குப் புதிய தொழிலன்று. ராஜமகேந்திரவரத்தில் கே. வி. இரத்தினம் என்பார் 1930-களிலேயே பவுண்டன் பேனா கடைந்தனர். காந்தியடிகள் அவர் பேனாவைப் பெற்று 1935-ல் பாராட்டி எழுதினர். அத்தகைய பேனாக்களைக் கடைவது எபோனைட்டில். அஃதாவது, ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகக் கூட்டிச் சூடேற்றி இறுகச் செய்த கட்டை. அதில் மரையும் வெட்டல் வேண்டும். அது தேர்ந்த கைக்கே உரியது. யாம் கூறுவது அதனினும் எளியது. முனை, முறுக்கும் பொறி, செருகி, நடு வளையம் ஆகியவை ஆயத்தமாகக் கிடைக்கின்றன. மேலும் கீழுமான இரண்டு உடற்பாகங்களை மட்டும் நாம் கடைகின்றோம்.

ஒவ்வொரு பாகத்தினுள்ளும் 7 மில்லிமீட்டர்ப் பருமனும் சுமார் 2 அங்குல நீளமுமுள்ள பித்தளைக் குழல் செல்லும். சட்டத்தை இரண்டாக அறுத்து, நடுவே துளையிட்டு, குழலை உப்புத்தாளால் சற்றே தேய்த்துப் பசையிட்டுச் செருக வேண்டும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டாதலால், துளையை ஸ்பிரிட்டால் துடைத்தபின் பசையிடுதல் நலம். பசை எவ்விடத்தேனும் பற்றாது போயின், கடையும்பொழுது அவ்விடமே பிளக்கும். ஏனெனில், கடைந்து முடிந்தபின் முனைகளில் குழலின்மீது நிற்கும் மரம் ஒரு மில்லிமீட்டரும் இராது. துளையிடுகையிலும் அவசரம் ஆகாது. அலகை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை உதறாவிடில், சூட்டினாலேயே மரம் வெடிக்கும்.

நிற்க. பழைய மரத்தின் குணம் யாதெனில், அது பல்லாண்டு உலர்ந்தது. பச்சை மரம்போற் பின்னர்ச் சுருங்கிக் குழலைவிட்டுப் பிளவாது. குற்றம் யாதெனில், அதனுள் என்ன மறைந்துள்ளது என்பது வெளியே தெரியாது. தேக்கு தன்னுள் மணற்சத்து உடையதாகையால் உளியின் கூரை விரைவில் மழுக்கும். இதனைத் தீட்டுக்கல்லால் தீர்த்துக் கொள்ளலாம். ஆணிக்குத் தீர்வில்லை.

முதலிரண்டு சட்டங்களும் நன்கு அமைந்தன. மூன்றாவதன் கீழ்ப்பாகத்தில் கருநீலமாக ஒரு கறை தோன்றிற்று. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்திற் கலந்தால் அந்நிறம் உண்டாகும் என்பதை யாம் அறியாதவரல்லோம். அறிந்திருந்தும், கைவேகத்தில் உளியை எடுத்தோமில்லை. டக்கென்றோர் ஓசை, உளியின் வாய் சிதைந்தது, மரத்தில் ஒரு சில் எம் கண்ணாடியைத் தாக்கி வீழ்ந்தது. கண்ணாடி அணியாதிருந்தால் இன்று இம்மேடையில் நிற்பது ஐயமே. உள்ளே உடைந்த ஆணி ஒன்று துருவேறிக் கிடந்தது. ஒரு சிறு காந்தத்தை முன்னரே மரத்தின்மேல் ஓட்டியிருந்தால் அந்தப் பாகம் தப்பியிருக்கக் கூடும். மரமோ வேறில்லை. அன்றிரவு யாம் உண்ணவில்லை என்று சொன்னால் நகைப்பீர்கள்.

சாயம் பூசிய பழங்கதவு, சன்னல் மரங்களை யாம் தொடுவதில்லை. நீங்களும் தொடாதிருத்தல் நன்று. வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மிகலாகாதென்ற விதி 2016-ல்தான் நம் நாட்டில் ஏற்பட்டது. அதற்கு முந்திய சாயத்தைக் கடைந்தால் எழும் தூள், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கே முதலிற் கேடு செய்யும். ரயில் தண்டவாளத்தின்கீழ்க் கிடந்த கட்டைகளும் அவ்வாறே விலக்கத் தக்கவை; அவை கிரியோசோட் என்னும் தார் எண்ணெயில் ஊறியவை. தூய மரமாயினும் மூக்குக்குத் துணியன்று, தூள் தடுக்கும் முகமூடியே வேண்டும்.

மெருகைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. உப்புத்தாளை 150-ஆம் எண்ணிற் றொடங்கி 600 வரை வரிசை தவறாது தேய்த்து, ஸ்பிரிட்டிற் கரைத்த அரக்கைத் துணியிற் றோய்த்து, சுழலும் மரத்தின்மீது மெல்லென ஒற்றினாற் போதும்.

தமக்கையாரும் தம்பியும் தத்தம் எழுதுகோலைப் பெற்றுக் கொண்டனர். எமக்கு எஞ்சியது மேற்பாகம் ஒன்றே. கீழ்ப்பாகத்தை எம் வீட்டு முற்றத்தில் காற்றில் முறிந்து உலர்ந்த வேப்பங்கிளையிற் கடைந்து, நடு வளையத்தால் இணைத்தோம். நிறம் ஒவ்வவில்லை எனத் தம்பி இன்றும் குறை கூறுகின்றான். தன்னுடையதைத் தருகிறேன் என்றும் கூறினான். யாம் மாற்றிக் கொள்ளவில்லை. சென்ற மாதம் நீங்கள் கண்டது அதுவே. இதோ, சுற்றிப் பார்க்க அனுப்புகின்றோம்.

வரும் ஞாயிறு காலையில் எம் பட்டறையிற் கடைசல் யந்திரம் ஓடும். விருப்பமுள்ள இளைஞர்கள் சாண் நீள மரத்துண்டு ஒன்றும், கண்ணுக்குக் காப்பும் கொண்டு வருக. காந்தம் எம்மிடம் உண்டு.